பால் புரதத்திலிருந்து உயிர்ச்செயற் பெப்டைட்டுகள்: திருகோணமலை எருமைப்பாலை முன்வைத்து

பால் புரதத்தின் நீண்ட சங்கிலிக்குள் பல சிறு துண்டுகள் அடங்கியிருக்கின்றன. சங்கிலியோடு சேர்ந்திருக்கும்வரை அவற்றுக்குத் தனிச் செயல் இல்லை. வயிற்றிலோ தயிர்ச்சட்டியிலோ ஆய்வுகூடக் கலத்திலோ ஒரு நொதியம் வெட்டி விடுவித்த பிறகுதான் அவை உடலில் வேலை செய்யத் தொடங்குகின்றன. பெரும்பாலும் 2 முதல் 20 வரை அமினோ அமிலங்கள் கொண்ட இத்துண்டுகளே உயிர்ச்செயற் பெப்டைட்டுகள். சில இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நொதியத்தைத் தடுக்கின்றன. சில கல்சியத்தைப் பற்றிக்கொண்டு கரைசலிலேயே வைத்திருக்கின்றன. சில பற்றீரியாக்களைக் கொல்கின்றன.

இத்துறையின் தொடக்கம் 1950ஆம் ஆண்டு. என்புருக்கி நோயுள்ள குழந்தைகளின் எலும்பில் கல்சியம் படிவதற்குக் கேசீனிலிருந்து வரும் பொசுபேற்றுப் பெப்டைட்டுகள் உதவுகின்றன என்று சுவீடனைச் சேர்ந்த மெலாண்டர் அப்போது எழுதினார். 1979இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பீற்றா-கேசீனில் அபினை ஒத்த செயலுள்ள துண்டைக் கண்டு அதற்கு கேசோமோர்பின் என்று பெயரிட்டனர். 1995இல் ஜப்பானின் கல்பிஸ் நிறுவன ஆய்வாளர்கள் தங்கள் புளித்த பாலிலிருந்து இரண்டு முப்பெப்டைட்டுகளைப் பிரித்தெடுத்தனர். வலீன்-புரோலின்-புரோலின் ஒன்று, ஐசோலூசின்-புரோலின்-புரோலின் மற்றொன்று. இத்தனை சிறிய துண்டு குடலில் சிதையாமல் இரத்தத்தைச் சென்றடையலாம் என்பதால் இந்த இரண்டும் பெரும் கவனத்தைப் பெற்றன.

மூலப்பால்

இத்துறையின் கைநூல்கள் பல பாலாடைக்கட்டித் தொழிலில் மிஞ்சும் தெளிநீரிலிருந்து தொடங்குகின்றன. மலிவாகக் கிடைக்கும் பொருள், வீணாகப் போவது, புரதமும் உண்டு என்ற கணக்கு அது. திருகோணமலையில் அந்தக் கணக்கு செல்லாது. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய்ப் பகுதிகளின் எருமைப்பால் பெரும்பாலும் சட்டித் தயிராகிறது. சட்டியில் உறையும் தயிரிலிருந்து தெளிநீர் தனியே வருவதில்லை. வரும் சிறிதளவையும் மண்சட்டியின் சுவர் உறிஞ்சிவிடும். ஆகவே இம்மாவட்டத்தில் இறங்கும் ஒருவர் தெளிநீரைத் தேடி அலையாமல் கேசீனிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

கேசீனுக்கு எருமைப்பால் நல்ல மூலம். பசுப்பாலில் புரதம் ஏறத்தாழ 3.3 சதவீதம் என்றால் எருமைப்பாலில் 4 முதல் 4.5 சதவீதம் வரை இருக்கும். இரண்டிலும் புரதத்தின் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். எருமையின் பீற்றா-கேசீன் பசுவினதைப் பெரும்பகுதி ஒத்தது. ஆனால் 67ஆம் இடத்தில் எருமைக்குப் புரோலினே இருக்கிறது. பசுவில் ஏ2 எனப்படும் வகைக்கு உரிய அமைப்பு இது. ஏ1 வகைப் பசுப்பாலில் இவ்விடத்தில் ஹிஸ்ரிடின் இருப்பதால் அங்கே சங்கிலி எளிதில் வெட்டுப்பட்டு கேசோமோர்பின்-7 வெளியாகிறது. அந்தத் துண்டு நோய்களுக்குக் காரணமாகிறது என்ற கருத்தை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2009இல் கூறியது. எனவே ஏ2 என்பதை விற்பனைச் சொல்லாக்குவதைவிட, விளைவில் எந்தத் துண்டு வரும், எது வராது என்பதைக் கணக்கிட அதைப் பயன்படுத்துவது நல்லது.

எருமைப்பாலின் தொல்லை கொழுப்பு. 7 முதல் 8 சதவீதம் வரையுள்ள கொழுப்பை நீக்காமல் கேசீன் எடுத்தால் கொழுப்பும் தயிர்க்கட்டியில் சிக்கும். பின்னர் மென்சவ்வை அடைக்கும், பொடியில் காறல் வாடை வரும். பாலை 45 முதல் 50 பாகை வரை சூடாக்கி ஆடை பிரிக்கும் இயந்திரத்தில் இருமுறை விடுவது வழக்கம். பிரிந்த ஆடை நெய்க்குப் போகும். நெய்யின் விலை இந்த முழு வேலையின் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் என்பதைத் திட்டம் போடும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தயிருக்குக் காய்ச்சிய பாலை இதற்கு எடுக்கக் கூடாது. கொதிக்கும் சூட்டில் தெளிநீர்ப் புரதமான பீற்றா-லக்டோகுளோபுலின் விரிந்து கப்பா-கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். அமிலம் விடும்போது இரண்டும் சேர்ந்தே வீழும். 63 பாகையில் 30 நிமிடம் வைத்துப் பாச்சராக்கம் செய்த பாலே ஏற்றது. பட்டியிலிருந்து ஆய்வுகூடம்வரை எடுக்கும் நேரமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளிரூட்டாத கலனில் பால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். பாலிலேயே இருக்கும் பிளாஸ்மின் என்ற நொதியமும் பற்றீரியாக்களின் நொதியங்களும் அதற்குள் கேசீனை வெட்டிவிட்டால், பின்னால் கிடைக்கும் பெப்டைட்டுகள் ஒவ்வொரு தொகுதிக்கும் வேறுபடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பால் கொண்டுவருவோர் பாதைப் படகுக்காகக் காத்துநிற்கத் தேவையில்லாமல் போனது இந்த வகையில் பெரிய வசதி. புதிய பாலின் பி.எச். பெறுமானம் 6.6க்கும் 6.8க்கும் இடையில் இருக்கும். 6.5க்குக் கீழே இறங்கிய பாலைத் தயிருக்கு விட்டுவிடலாம். பெறுமானம் 7ஐ நெருங்கினால் புளிப்பை மறைக்கச் சோடா போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கேசீனை வீழ்த்துதல்

கொழுப்பு நீக்கிய பாலை 35 பாகை அளவில் வைத்துக் கிளறிக்கொண்டே நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தை மெல்லிய தாரையாக விட வேண்டும். பி.எச். 4.6இல் கேசீனின் நிகர மின்னேற்றம் இல்லாமல் போகும், அது வெண்திரளாக அடியில் இறங்கும். அமிலத்தை அவசரமாக ஊற்றினால் திரள் வெளியே இறுகி உள்ளே பால் சிக்கிக்கொள்ளும். அந்தப் பாலோடு லக்டோசும் உள்ளே இருக்கும், உலர்த்தும்போது பொடி பழுப்பேறும். திரளை மெல்லிய துணியில் வடித்து, 4.6இலேயே அமிலப்படுத்திய நீரால் மூன்று தடவை கழுவிப் பிழிய வேண்டும். 100 லீற்றர் எருமைப்பாலிலிருந்து உலர்நிலைக் கணக்கில் 3 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கேசீன் கிடைக்கும்.

கழுவும் நீர் உலர்வலயக் கிணற்று நீராக இருந்தால் கடினத்தன்மை தொல்லை தரும். குடிநீருக்கு எதிர்ச் சவ்வூடுபரவல் நிலையம் வைத்திருக்கும் இடங்களில் அந்த நீர் இதற்குப் போதும்.

வடிந்த தெளிநீரை வாய்க்காலிலோ களப்பிலோ விடக் கூடாது. அதிலுள்ள லக்டோசும் புரதமும் நீரின் ஒட்சிசனை விரைவில் தீர்த்துவிடும், களப்பில் மீன் சாகும். அமிலத்தை நடுநிலையாக்கிய பின் அதை மாட்டுத் தீவனத்தில் கலப்பதுதான் சிறிய அளவில் செய்யக்கூடிய வழி.

பிழிந்த கேசீனை நீரில் கலக்கி, சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு பி.எச். 7க்கு உயர்த்தினால் சோடியம் கேசினேற்று என்ற தடித்த கரைசல் ஆகும். 10 சதவீதத்துக்கு மேல் போகப் போகக் கிளறுவது கடினமாகும். முதன்முறை செய்வோர் 5 சதவீதத்தில் நிற்பது நல்லது.

நொதியத் தெரிவு

இந்த அத்தியாயத்தில் மிக அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எந்தப் பெப்டைட்டு கிடைக்கும் என்பதைப் பெரும்பகுதி நொதியமே தீர்மானிக்கிறது. பின்னால் வரும் கருவிகள் நொதியம் உண்டாக்கியதைப் பிரிக்க மட்டுமே முடியும், உண்டாக்க முடியாது.

திரிப்சின் லைசின், ஆர்ஜினின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களுக்கு அடுத்த பிணைப்பை மட்டுமே வெட்டும். எனவே விளைவை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். கல்சியத்தைப் பற்றும் பொசுபேற்றுப் பெப்டைட்டுகளும், மன அழுத்தத்தைத் தணிக்கும் என்று பிரான்ஸில் விற்கப்படும் ஆல்பா-கேசோசெப்பின் என்ற பத்து அமினோ அமிலத் துண்டும் இந்த வழியில் வருபவை. ஆனால் வணிகத் திரிப்சின் பன்றி அல்லது மாட்டின் கணையத்திலிருந்தும், பெப்சின் பெரும்பாலும் பன்றி வயிற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் பால் தருவோரும் வாங்குவோரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். பன்றி நொதியம் கலந்த பொருள் ஹலால் ஆகாது. மாட்டுக் கணையம் என்றால் தம்பலகாமத்து இந்துக் குடும்பங்கள் பலவும் வாங்கத் தயங்கும். நொதியம் வாங்குமுன் அதன் மூலம் என்ன என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது இந்த மாவட்டத்தில் பி.எச். மானிக்கு இணையான தேவை.

அந்தச் சிக்கலைத் தவிர்க்கும் முதல் வழி பற்றீரியா நொதியம். பசில்லஸ் லைக்கெனிபோர்மிஸ் என்ற பற்றீரியாவிலிருந்து வரும் அல்க்கலேஸ் பி.எச். 8இலும் 50 முதல் 60 பாகையிலும் நன்றாக வேலை செய்கிறது. பல இடங்களில் வெட்டுவதால் சிறு துண்டுகள் விரைவில் உண்டாகும். அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தின் நொதியக் கலவை பெப்டைட்டின் நுனியிலிருந்து ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கழற்றும். கசப்பைக் குறைக்க அதைப் பிற்பாடு சேர்ப்பதுண்டு.

இரண்டாவது வழி பப்பாளி. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை பப்பெயின் ஏற்றுமதி செய்த நாடு. பச்சைக் காயின் தோலை மேலோட்டமாகக் கீறினால் வடியும் பாலில் இந்த நொதியம் உள்ளது. இரும்பு பட்டால் செயல் குன்றும் என்பதால் கண்ணாடி அல்லது பீங்கானில் பிடித்து, 50 பாகைக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும். பப்பெயின் 6க்கும் 7க்கும் இடைப்பட்ட பி.எச். பெறுமானத்திலும் 55 முதல் 65 பாகையிலும் கேசீனை நன்கு வெட்டும். பரவலாக வெட்டுவதால் திரிப்சினைப்போல் விளைவை முன்னறிய முடியாது. வீட்டில் உலர்த்திய பப்பாளிப் பாலின் வலிமையும் காய்க்குக் காய் மாறும். பரிசோதனைக்குப் போதும். விற்பனைப் பொருளுக்கு அளவிட்ட நொதியமே வேண்டும்.

வெட்டுதலை அளவிடுதல்

எவ்வளவு வெட்டினோம் என்பதை நீர்ப்பகுப்பு வீதம் காட்டும். மொத்தப் பெப்டைட்டுப் பிணைப்புகளில் எத்தனை சதவீதம் அறுந்தன என்பதே அது. கார நிலையில் பிணைப்பு அறும்போது அமிலத்தன்மை வெளிப்பட்டு பி.எச். இறங்கும். அதை மாறாமல் வைத்திருக்கச் சேர்க்கும் காரத்தின் அளவிலிருந்தே வீதத்தைக் கணக்கிடலாம்.

ஒரு கிலோ கேசீனை 50 பாகையிலும் பி.எச். 8இலும் 10 சதவீதம் வெட்டுவதாகக் கொள்வோம். ஒரு கிலோ கேசீனில் ஏறத்தாழ 8.2 மோல் பெப்டைட்டுப் பிணைப்பு உண்டு. அதில் 10 சதவீதம் 0.82 மோல். இந்நிலையில் விடுபடும் அமினோத் தொகுதிகளில் 89 சதவீதம் புரோத்தனை இழந்திருக்கும் என்பதால் 0.73 மோல் காரம் செலவாகும். ஒரு லீற்றரில் ஒரு மோல் உள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் அது 730 மில்லிலீற்றர். அளவுக்குழாயில் அந்தக் கோட்டை எட்டியதும் நிறுத்தலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை, பி.எச். மானியும் பொறுமையும் போதும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 0.73 மோல் காரத்தில் 17 கிராம் சோடியம் இருக்கிறது. கேசீனைக் கரைக்க விட்டதையும் சேர்த்தால் ஒரு கிலோ பொடியில் ஏறத்தாழ 30 கிராம் சோடியம், கறியுப்புக் கணக்கில் 75 கிராம். இரத்த அழுத்தத்தைத் தணிக்கச் செய்யும் பொருளில் இவ்வளவு உப்பு இருப்பது வேடிக்கைதான். பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக்கு மாறுவது ஒரு வழி, ஆனால் சிறுநீரக நோயாளருக்கு அதுவும் ஆகாது. மற்ற வழி பின்னால் வரும் நானோ வடிப்பு.

நொதியத்தின் அளவு கேசீனின் 1 முதல் 2 சதவீதம் போதும். நேரம் 2 முதல் 4 மணி. அதற்குமேல் நீட்டினால் 50 பாகையைத் தாங்கும் பற்றீரியாக்கள் பெருகத் தொடங்கும். முடிந்ததும் 90 பாகையில் 10 முதல் 15 நிமிடம் வைத்து நொதியத்தை அழிக்க வேண்டும். பப்பெயின் சூட்டைத் தாங்கக்கூடியது. அதை வெப்பத்தால் மட்டும் முற்றாக அழித்துவிட்டதாக நம்பாமல் மென்சவ்வால் நீக்குவதே உறுதி.

கசப்பு தவிர்க்க முடியாதது. கேசீனின் உள்ளே புதைந்திருந்த நீர் ஒட்டாத அமினோ அமிலங்கள் வெட்டுப்பட்ட பிறகு வெளித்தெரிந்து நாக்கில் படுகின்றன. புரோலினும் லூசினும் மிகுந்த பீற்றா-கேசீன் இதில் முன்னணியில் நிற்கிறது. வேண்டிய துண்டும் கசப்பான துண்டும் ஒன்றாகவே இருப்பது உண்டு என்பதால், கரி தூவிக் கசப்பை எடுத்தால் பயனும் கூடவே போய்விடும்.

புளிக்கவைக்கும் வழி

நொதியம் வாங்காமல் பற்றீரியாவையே வேலைக்கு வைப்பதும் உண்டு. கல்பிஸ் பாலில் வேலை செய்தது லக்டோபசில்லஸ் ஹெல்வெட்டிக்கஸ். அதன் கலச்சுவரில் பொருந்தியிருக்கும் புரதப்பகுப்பு நொதியம் கேசீனை நீளத் துண்டுகளாக வெட்டி, பிற நொதியங்கள் அவற்றை முப்பெப்டைட்டுகள்வரை சிறிதாக்குகின்றன. கொழுப்பு நீக்கிய பாலில் 37 பாகையில் ஒரு நாள் அளவுக்கு விட வேண்டும். சட்டித் தயிர் உறைந்து கெட்டியானதும் வேலை முடிந்துவிடும். இங்கே உறைந்த பிறகும் நீண்ட நேரம் புளிக்கவிட்டால்தான் பெப்டைட்டு சேரும். உண்ண முடியாத புளிப்பு வரும்.

அதனால் நேற்றைய தயிரை உறையாக ஊற்றிய கிண்ணியாத் தயிரில் இந்தப் பெப்டைட்டுகள் இல்லை என்றாகாது. அளவு உறையிலுள்ள இனத்தையும் புளிப்பின் நேரத்தையும் பொறுத்தது. அளந்து பார்க்காமல் எந்தச் சட்டிக்கும் அந்தப் பெருமையைத் தரக் கூடாது. ஜப்பானில் 1996இல் வெளியான ஆய்வில் உயர் இரத்த அழுத்தமுள்ள முதியோர் கல்பிஸ் பாலை நாளுக்கு 95 மில்லிலீற்றர் வீதம் எட்டு வாரம் அருந்தியபோது அழுத்தம் குறைந்தது. பின்னாளில் சான்றுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஐரோப்பிய அதிகாரசபை, இந்த இரு முப்பெப்டைட்டுகளுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2012இல் கருத்துரைத்தது. இரண்டையும் அறிந்தவரே பொருளின் முகப்பில் என்ன எழுதலாம் என்று தீர்மானிக்க முடியும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் விற்கப்படும் உணவு மருந்து ஆகாது.

பிரித்தெடுத்தல்

எந்த அளவுக்குப் பிரிப்பது என்பதைப் பயனே முடிவு செய்ய வேண்டும். பானத்திலோ பொடியிலோ சேர்க்க முதல் இரண்டு படிகள் போதும். ஒரு பெப்டைட்டின் அமினோ அமில வரிசையைக் கண்டறிய மட்டுமே முழுப் பாதையும் தேவை. முதலாவது தேவைக்காக வந்தவர் இரண்டாவதின் கருவிகளை வாங்கிப் பணத்தைத் தொலைப்பது வழக்கமாக நடப்பது.

முதற்படி, நீர்ப்பகுப்புக் கரைசலைக் குளிரவிட்டு பி.எச். 4.6க்கு இறக்குவது. வெட்டுப்படாத கேசீன் வீழும். மையநீக்கியில் சுற்றி அடிமண்டியை நீக்கியதும் பி.எச். பெறுமானத்தை மீண்டும் 7க்கு உயர்த்த வேண்டும். 4.6இலேயே மென்சவ்வுக்குள் விட்டால் எஞ்சிய துண்டுகள் துளைகளில் படிந்து ஓட்டம் நின்றுவிடும்.

அடுத்தது 10 கிலோடால்டன் எல்லையுள்ள மென்சவ்வு. பப்பெயினின் நிறை 23, அல்க்கலேசினது 27 கிலோடால்டன். இரண்டும் இந்தப் பக்கமே நிற்கும், பெப்டைட்டுகள் அந்தப் பக்கம் போகும். சிறு துண்டுகளே வேண்டுமென்றால் 3 கிலோடால்டன் மென்சவ்வில் மறுபடி விடலாம். ஆனால் அந்த எல்லை கத்தி வெட்டியதுபோல் இருக்காது. மென்சவ்வின் மின்னேற்றமும் பெப்டைட்டின் மின்னேற்றமும் ஒன்றாக இருந்தால் சிறிய துண்டும் தடுக்கப்படும். மீதியில் நீர் சேர்த்து மூன்று நான்கு முறை விடுவது விளைச்சலைக் கூட்டும். வேலை முடிந்தவுடன் 0.5 சதவீதக் காரத்தால் 45 பாகையில் கழுவாவிட்டால் மறுநாள் அந்த மென்சவ்வு பயன்படாது.

உப்பை நீக்க 200 முதல் 300 டால்டன் எல்லையுள்ள நானோ வடிப்பு. சோடியமும் குளோரைட்டும் நீரோடு வெளியேறும், பெப்டைட்டுகள் செறியும். இங்கே ஒரு இழப்பு உண்டு. வலீன்-புரோலின்-புரோலினின் நிறை 311 டால்டன், மற்றதினது 325. எல்லைக்கு இத்தனை அருகில் இருப்பதால் இவற்றின் ஒரு பங்கு உப்போடு வெளியேறும். இந்த இரண்டையே குறிவைப்பவர் வெளியேறும் நீரையும் அளந்து பார்க்க வேண்டும்.

பொசுபேற்றுப் பெப்டைட்டுகளுக்கு வேறு வழி இருக்கிறது. அவற்றில் மூன்று பொசுபோசெரினும் இரண்டு குளூற்றாமிக் அமிலமும் அடுத்தடுத்து வரும் பகுதி கல்சியத்தை இறுகப் பற்றும். 4.6இல் தெளிந்த கரைசலை 7க்கு உயர்த்திக் கல்சியம் குளோரைட்டும் சம அளவு எதனோலும் சேர்த்தால் இவை மட்டும் வீழும். மதுசாரத்துக்கு அனுமதியும் வேண்டும், வாங்குவோரின் சம்மதமும் வேண்டும் என்பதால் இங்கே மாற்று வழி ஏற்றது. கல்சியம் மட்டும் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருந்திரளாகி, 10 கிலோடால்டன் மென்சவ்வின் இந்தப் பக்கமே நின்றுவிடும்.

ஆய்வுக்கு மேலும் போவோர் குரோமட்டோகிராபிக்குச் செல்ல வேண்டும். செபடெக்ஸ் ஜி-25 நிரலில் பருமன்படியும், அயன் மாற்று நிரலில் மின்னேற்றப்படியும், சி-18 நிரலில் நீர் ஒட்டாத தன்மைப்படியும் பிரியும். கடைசியில் 0.1 சதவீத முப்புளோரோ அசற்றிக் அமிலம் கலந்த நீரும் அசற்றோநைத்திரைலும் ஓடும், பெப்டைட்டுப் பிணைப்பு 214 நானோமீற்றர் ஒளியை உறிஞ்சுவதை வைத்து ஒவ்வொரு பகுதியும் தனிக் குப்பியில் சேகரிக்கப்படும். இந்தக் கரைப்பான்கள் நச்சு. அந்தக் குப்பிகளிலிருந்து எதுவும் உணவுக்குப் போகக் கூடாது. அமினோ அமில வரிசையை அறியத் திணிவு நிறமாலைமானி வேண்டும். மாதிரியை உறையவைத்து உலர்த்தி அக்கருவி உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது சிக்கனம்.

செயலைச் சோதித்தல், உலர்த்தல்

இரத்த அழுத்தச் செயலுக்கு 1971இல் குஷ்மனும் சுங்கும் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. ஹிப்புரைல்-ஹிஸ்ரிடைல்-லூசின் என்ற பொருளை, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் அஞ்சியோதென்சின் மாற்று நொதியம் வெட்டும்போது வெளியாகும் ஹிப்பூரிக் அமிலத்தை 228 நானோமீற்றரில் அளப்பர். நொதியத்தைப் பாதியாகத் தடுக்கும் செறிவே முடிவு. வலீன்-புரோலின்-புரோலினுக்கு அது 9 மைக்ரோமோலர், ஐசோலூசின்-புரோலின்-புரோலினுக்கு 5. கலவைப் பொடியின் எண் இதைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும், அதில் வியப்பில்லை. கண்ணாடிக்குழாயில் நன்றாகத் தடுத்த பொருள் வயிற்றைக் கடந்த பிறகு என்னாகும் என்பதைப் பார்க்க, 2014இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வகுத்த இன்போஜெஸ்ட் முறையில் செயற்கைச் சமிபாட்டுக்கு உட்படுத்தி மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு எண்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பொடியாக்கத் தெளிப்பு உலர்த்தல் மலிவு, உறைநிலை உலர்த்தல் மென்மை. இரண்டிலும் கிடைக்கும் பொடி காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். கடலோரக் காற்றில் திறந்துவைத்த குப்பியில் பொடி விரைவில் ஒட்டிப் பாகுபோல் ஆகும், பழுப்பேறும். நீர்ச்செயற்பாடு 0.3க்குக் கீழே இருக்கும்போதே அலுமினியப் படலப் பையில் சிறு சிறு அளவாகக் கட்டி, உலர்த்திப் பொட்டலமும் வைத்து, குளிரான இடத்தில் அடுக்க வேண்டும். பையின் மேல் பால் தொகுதி எண், நொதியத்தின் பெயரும் மூலமும், நீர்ப்பகுப்பு வீதம், சோடிய அளவு ஆகியவற்றோடு, பால் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்ணக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். 10 சதவீதம் மட்டுமே வெட்டிய கேசீனில் ஒவ்வாமையைத் தூண்டும் பகுதிகள் நிறையவே மிஞ்சியிருக்கும்.